சாஸ்தா கோயிலுக்குப் போய் வருவது எப்படி: நெல்லைச் சீமைக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் திருநெல்வேலிப் பேருந்து நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்து இறங்குகிறவர்கள் கையில் துணிப்பையோடு ஒரு பித்தளைப் பானையும் இருக்கும். தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொன்ன பையன்கூட இதற்கு வந்துவிடுவான். எங்கே போகிறார்கள் என்று கேட்டால் ஒருவர் குளக்கரை என்பார், ஒருவர் தேரிக்காடு என்பார், ஒருவர் மலையடிவாரம் என்பார். எல்லாரும் போவது அவரவர் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்கு.

எங்கள் பக்கத்தில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் ஊர் கேட்போம், தெரு கேட்போம், மூன்றாவதாக "உங்களுக்கு எந்த சாஸ்தா?" என்று கேட்போம். பெண் பார்க்கப் போன இடத்திலும் இந்தக் கேள்வி வரும். சில சமூகங்களில் ஒரே சாஸ்தாவைக் கும்பிடுகிற ஒரே கிளைக்காரர்கள் அண்ணன் தம்பி முறை, அங்கே சம்பந்தம் கிடையாது. இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நான் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இறைவனின் அருளைத் தேட நூறு வழி இருக்கிறது. நெல்லையப்பர் சன்னதியில் போய் நிற்கலாம், நவ கைலாயம் சுற்றலாம், திருச்செந்தூருக்கு நடந்தே போகலாம். சாஸ்தா வழிபாட்டில் நம்மிடம் எதிர்பார்ப்பது ஒன்றுதான். அதை எங்கள் ஆச்சி ஒரே வரியில் சொல்வாள்: "வருஷத்துக்கு ஒரு தடவை போய் முகத்தைக் காட்டிட்டு வந்துரணும்." அருள் என்பது கேட்டு வாங்கிக்கொண்டு வருகிற பொருள் என்று ஆச்சி நினைக்கவில்லை. போக்குவரத்து அறுந்துபோகாமல் இருப்பதே அருள் என்றுதான் நினைத்தாள். இத்தனை வருஷம் போய்வந்தபிறகு எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

சாஸ்தா என்பவர் யார்

சாஸ்தா, சாத்தா, அய்யன், அய்யனார் எல்லாம் ஒருவரே. அரிக்கும் அரனுக்கும் பிறந்த பிள்ளை. பெரும்பாலான கோயில்களில் ஒரு காலை மடித்து ஒரு காலைத் தொங்கவிட்டு, கையில் செண்டாயுதத்தோடு, பூரணை புஷ்கலை என்ற இரண்டு தேவியரோடு அமர்ந்திருப்பார். கார்த்திகையில் மாலை போட்டு சபரிமலைக்குப் போகிற நம் ஆட்கள் பலர், முதலில் தங்கள் சாஸ்தாவிடம் சொல்லிக்கொண்டுதான் இருமுடி கட்டுவார்கள்.

அவர் தனியாக இருப்பதில்லை. 21 பந்தி, 61 சேனை என்று பெரியவர்கள் சொல்லும் பரிவாரம் கூட இருக்கும். பேச்சியம்மன், இசக்கியம்மன், சுடலைமாடன், தளவாய்மாடன், வன்னியராஜா, சங்கிலி பூதத்தார் என்று கோயிலுக்குக் கோயில் மாறும். கோயில் ஏன் ஊருக்குள் இல்லாமல் குளத்துக் கரையில் இருக்கிறது என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். குளம் உடைந்தால் ஊர் போச்சு, அதனால் அய்யன் அங்கே காவல் இருக்கிறார் என்றார்கள். ஒரு ஊரின் உயிர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் சாமியை உட்கார வைத்திருக்கிறார்கள்.

முதல் வேலை: எந்த சாஸ்தா என்று கண்டுபிடிப்பது

தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். தெரியாதவர்கள் நிதானமாகப் படியுங்கள். வழிபாட்டில் பாதி இதுதான்.

எங்கள் தாத்தா சின்ன வயதிலேயே கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவர். திரும்பி வந்து தூத்துக்குடியிலேயே தங்கிவிட்டார். அப்பா காலத்தில் ஊர்ப் பக்கம் போக்குவரத்தே இல்லை. வீட்டில் ஒரு கஷ்டம் வந்தபோது ஜோசியர் ஒருவர் வெற்றிலையில் மை போட்டுப் பார்த்து ஒரு கோயில் பேரைச் சொன்னார். பணமும் வாங்கிக்கொண்டார். மூன்று வருஷம் அங்கே போய்ப் பொங்கலிட்டோம். அப்புறம்தான் அது எங்கள் சாஸ்தா இல்லை என்று தெரிந்தது. அந்த மூன்று வருஷமும் வீண் என்று சொல்லமாட்டேன், கும்பிட்டது கும்பிட்டதுதான். ஆனால் தேடவேண்டிய இடம் மையும் சோழியும் இல்லை, சொந்தக்காரர்கள் வீட்டுத் திண்ணை என்று அப்போது புரிந்தது.

முதலில் அப்பா வழியில் உயிரோடு இருக்கிற மூத்த பெண்களைக் கேளுங்கள். அத்தை, அப்பாவின் அத்தை, பெரியம்மா. ஆண்களுக்குக் கோயில் பேர் ஞாபகம் இருக்கும், பெண்களுக்கு வழி ஞாபகம் இருக்கும். பேர் ஒன்றுபோலவே பத்து கோயிலுக்கு இருக்கலாம் என்பதால் வழிதான் முக்கியம். அப்பாவின் அத்தைக்கு அப்போது வயது தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் சொன்னது மூன்றே விஷயம்: பக்கத்தில் ஒரு மடை, வாசலில் இரண்டு மருதமரம், உள்ளே பேச்சி தனியாக வடக்குப் பார்த்து இருப்பாள்.

அடுத்து சொக்காரர்களைப் பிடியுங்கள். பங்காளி வீடுகளில் ஏதாவது ஒரு வீடு விடாமல் போய்க்கொண்டிருக்கும். இருபது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத வீடாக இருந்தாலும் போய்க் கேளுங்கள். சாஸ்தா பேரைச் சொல்லிக்கொண்டு வாசலில் வந்து நிற்பவரை யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள். பழைய சண்டை முடிவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

பூர்வீக ஊர் தெரிந்தால் பங்குனி உத்திரத்தன்றே அங்கே போய்விடுங்கள். மற்ற நாளில் கோயில் பூட்டிக் கிடக்கும், வழி கேட்க ஆள் இருக்காது. அன்றைக்கு உங்கள் வகையறாவைத் தெரிந்த யாராவது ஒருவர் அங்கே இருப்பார். கோயில் வரி வாங்கும் நோட்டில் தலைக்கட்டுக் கணக்கு, அதாவது குடும்பவாரியான கணக்கு இருக்கும். பழைய நோட்டு கிடைத்தால் தாத்தா பேரே அதில் இருந்தாலும் இருக்கும்.

நாங்கள் அப்படித்தான் போனோம். மருதமரம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. பூசாரி வயதானவர். "எந்த வீட்டுக்காரங்க?" என்று கேட்டார். பூட்டன் பேரைச் சொன்னோம். கொஞ்ச நேரம் அப்பா முகத்தையே பார்த்தார். அப்புறம் கோயிலுக்குத் தென்கிழக்கே கையைக் காட்டி, "உங்க வீட்டுப் பொங்க எடம் அதுதான். யாரும் அங்க பானை வைக்கல" என்றார். போய்ப் பார்த்தோம். மூன்று கல், மண்ணில் பாதி புதைந்து, உள்பக்கம் இன்னும் கரி படிந்து கறுப்பாக இருந்தது. அப்பா குனிந்து கையாலேயே மண்ணைத் தள்ளினார். நான் பார்க்க அவர் அழுதது அன்றைக்குத்தான்.

எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லையா? அதற்கும் நம் பெரியவர்கள் வழி வைத்திருக்கிறார்கள். குலசாஸ்தா தெரியாதவர்கள் பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் இருக்கும் சொரிமுத்து அய்யனாரைத் தங்கள் சாஸ்தாவாக வைத்துக் கும்பிடுவது வழக்கம். திருச்செந்தூர் முருகனையே குலதெய்வமாக ஏற்றுக்கொண்ட குடும்பங்களும் நிறைய. எதை ஏற்றுக்கொண்டாலும் விடாமல் போங்கள். வருஷா வருஷம் கோயிலை மாற்றிக்கொண்டிருப்பதுதான் கூடாது.

கல்யாணமான பெண்கள் கணவர் வீட்டு சாஸ்தாவைக் கும்பிடுவது வழக்கம். அதற்காகப் பிறந்த வீட்டு சாஸ்தாவை மறந்துவிட வேண்டும் என்று எந்தச் சாமியும் சொல்லவில்லை. முடிந்தால் இரண்டுக்கும் போங்கள்.

நாளும் விரதமும்

பங்குனி உத்திரம் என்பது பங்குனி மாதத்தில் உத்திர நட்சத்திரம் வரும் நாள். ஆங்கிலத் தேதி மாறிக்கொண்டே இருக்கும்: 2024-ல் மார்ச் 25, 2025-ல் ஏப்ரல் 11. அதனால் தை பிறந்ததுமே நாள்காட்டியைப் பார்த்து டிக்கெட் போட்டுவிடுங்கள். அந்த வாரம் நெல்லை ரயில்களில் இடம் கிடைப்பது கஷ்டம்.

கோயிலுக்குக் கோயில் வேறு விசேஷங்களும் உண்டு. காயாமொழி பக்கம் தேரிக்குடியிருப்பில் இருக்கும் கற்குவேல் அய்யனாருக்குக் கார்த்திகைக் கடைசியில் கள்ளர்வெட்டு நடக்கும். கள்ளனாக வைத்த இளநீரை வெட்டியதும், அது சிந்தின செம்மண்ணை அள்ள ஜனம் பாயும். அந்த மண்ணை வீட்டில் வைப்பார்கள், தோட்டத்தில் தூவுவார்கள். சொரிமுத்து அய்யனாருக்கு ஆடி அமாவாசை பெரிய நாள். உங்கள் கோயிலுக்கு எந்த நாள் முக்கியம் என்று பூசாரியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விரதத்துக்கு ஒரே விதி கிடையாது. சில வீடுகளில் ஏழு நாள், சில வீடுகளில் மூன்று நாள். எங்கள் வீட்டில் மூன்று. வீட்டைக் கழுவிவிட்டுக் கறி மீனை நிறுத்துவோம். அன்றைக்குக் காலையில் பூஜை முடியும்வரை பெரியவர்கள் சாப்பிடுவதில்லை. சர்க்கரை வியாதிக்காரர்கள், கர்ப்பிணிகள், பிள்ளைகள் கட்டாயம் சாப்பிட வேண்டும். வெயில் கடுமையாக இருக்கும், மயங்கி விழுந்தால் ஆஸ்பத்திரி பத்து மைல் தள்ளி இருக்கும்.

பங்காளி வீட்டில் சாவுத்தீட்டு இருந்தால் அந்த வருஷம் போவதில்லை. எத்தனை நாள், எந்த வீடுவரை என்பதில் குடும்பத்துக்குக் குடும்பம் வித்தியாசம் உண்டு, மூத்தவர் சொல்லைக் கேளுங்கள். போகமுடியாத வருஷம் காணிக்கையை முடிந்து வைத்தால் போதும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்

பச்சரிசி, பாசிப்பருப்பு, கருப்பட்டி, தேங்காய், ஏலக்காய், நெய். வெற்றிலை பாக்கு, பழம், சூடம், சாம்பிராணி, பத்தி. அபிஷேகத்துக்கு நல்லெண்ணெய், பால், மஞ்சள்பொடி, சந்தனம், பன்னீர், விபூதி, இளநீர். அய்யனுக்கு வேட்டி துண்டு, அம்மனுக்குச் சேலை, பரிவாரங்களுக்குச் சின்னத் துண்டு. பூவை முந்தின நாளே சொல்லி வையுங்கள். பிச்சி, கேந்தி, அரளி, துளசி எல்லாம் அன்றைக்கு விலை ஏறிவிடும்.

எல்லாரும் மறப்பது கரண்டி, தீப்பெட்டி, தேங்காய் உடைக்க அரிவாள், கைப்பிடித் துணி. அதைவிட முக்கியம் குடிதண்ணீர். பங்குனியில் பல குளங்கள் வற்றிக் கிடக்கும். ஆளுக்கு மூன்று லிட்டராவது கேனில் பிடித்துக்கொள்ளுங்கள். கோயிலில் பிளாஸ்டிக் பாட்டிலை எறிந்துவிட்டு வருவது, சாமி வீட்டு முற்றத்தில் குப்பை கொட்டுவதுதான்.

கருப்பட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பங்குனியில் பதநீர் இறங்கத் தொடங்கியிருக்கும். உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டி கிடைத்தால் அதையே வாங்குங்கள். சீனி கலந்த கருப்பட்டி வெளுத்த நிறமாக, வழவழப்பாக இருக்கும். நல்ல கருப்பட்டியை உடைத்தால் உள்ளே கறுத்த பழுப்பாக இருக்கும். வாயில் போட்டால் இனிப்போடு லேசாகக் கரிப்பும் தெரியும்.

கோயிலுக்குள் போனதும்

விடியும் முன்னே போய்ச் சேருவது நல்லது. முதலில் கை கால் கழுவுங்கள். பல கோயில்களில் உள்ளே போகும் முன் வாசல் காவல் தெய்வத்துக்கு ஒரு கும்பிடு போட்டு, "வந்திருக்கோம்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அப்புறம் பிள்ளையார், அய்யனும் தேவியரும், பேச்சி, மற்ற பரிவாரங்கள். இந்த வரிசை கோயிலுக்குக் கோயில் மாறும் என்பதால், முன்னால் போகிற குடும்பத்தைப் பார்த்து அதே மாதிரி செய்யுங்கள், சந்தேகம் வந்தால் பூசாரியைக் கேளுங்கள். தெரியாது என்று சொல்வதில் ஒரு வெட்கமும் வேண்டாம்.

அடுத்தது வரி. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வைத்திருப்பார்கள். கட்டிவிட்டு ரசீது வாங்குங்கள், நோட்டில் பேரைச் சரியாக எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரிதான் ஐம்பது வருஷம் கழித்து உங்கள் பேரப்பிள்ளைக்கு வழி காட்டப்போகிறது.

அபிஷேகத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். எங்கள் அய்யன் கருங்கல். எண்ணெய் ஊற்றும்போது கல் முழுக்கக் கறுத்துப் பளபளக்கும். பால் விழும்போது நெற்றியில் தொடங்கி மூக்கு நுனியில் ஒரு நொடி தங்கும், அப்புறம் மார்பில் இறங்கும். மஞ்சள் பூசியதும் முகமே மாறிவிடும், சின்னப் பிள்ளை குளித்துவிட்டு வந்த மாதிரி. அந்த நேரத்தில் கையில் செல்போனைப் பிடித்துக்கொண்டிருந்த வருஷம் எனக்கு அது ஒன்றுமே ஞாபகத்தில் நிற்கவில்லை. அப்புறம் போனைப் பையில் போட்டுவிட்டுத்தான் நிற்கிறேன்.

பொங்கல்

எல்லாவற்றிலும் மெனக்கெட வேண்டியது இதுதான். அர்ச்சனையைப் பூசாரி செய்வார், பொங்கலை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

இடத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுங்கள். மூன்று கல்லை ஆடாமல் வைத்து, காற்று வருகிற பக்கம் வாய் இருக்கும்படி அடுப்பைத் திருப்புங்கள். பனை மட்டையும் காய்ந்த தென்னம்பாளையும் நன்றாக எரியும். பத்த வைக்கச் சில்லாட்டை (தென்னையின் வலைபோன்ற நார்) போதும், மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம், பொங்கலில் வாடை ஏறும். பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்தைக் கட்டி, வெளியே மூன்று விரலால் விபூதி பூசுங்கள்.

பாலும் தண்ணீரும் ஊற்றிப் பொங்க விடுங்கள். பொங்கி வழியும்போது பெண்கள் குலவை இடுவார்கள். பத்து அடுப்பு ஒரே நேரத்தில் பொங்கினால் குளத்துக்கரை முழுக்கக் குலவைதான். இந்தத் தலைமுறைப் பெண்பிள்ளைகள் பலருக்குக் குலவை வராது. வீட்டிலேயே ஆச்சியிடம் கற்றுக்கொள்ளட்டும். நாக்கை மேலும் கீழுமாக இல்லை, பக்கவாட்டில் ஆட்ட வேண்டும் என்பாள் எங்கள் ஆச்சி.

பொங்கியதும் கொஞ்சம் தண்ணீரை முகந்து தனியே வைத்துவிட்டு, களைந்த அரிசியும் பருப்பும் போடுங்கள். ஒரு படி அரிசிக்குக் கால்படி பருப்பு. அரிசி குழைய வெந்தபிறகுதான் கருப்பட்டி. முன்னாலேயே போட்டால் அரிசி அதற்குமேல் வேகாது, நறுக்கு நறுக்கென்று நின்றுவிடும். முதல் வருஷம் நாங்கள் செய்த தப்பு இதுதான். கருப்பட்டியில் மண் இருக்கும், அப்படியே போடாமல் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள். அடிப்பிடிக்காமல் கிண்டி இறக்கும்போது தேங்காய், ஏலம், நெய்.

தலைவாழை இலையில் பொங்கல், பழம், உடைத்த தேங்காய், வெற்றிலை பாக்கு எல்லாம் வைத்துப் படைக்க வேண்டும். எங்கள் வழக்கில் பானக்காரமும் உண்டு, புளியும் கருப்பட்டியும் கரைத்தது. அய்யனுக்குப் படைத்தபிறகு பரிவாரங்களுக்குத் தனித்தனி இலை. கடைசியில் பக்கத்து அடுப்புக்காரர்களுக்கு ஒரு கரண்டி கொடுங்கள், அவர்கள் கொடுப்பதையும் வாங்கிச் சாப்பிடுங்கள். ஒரே சாஸ்தாவுக்குப் பல சாதிக்காரர்கள் வருவார்கள். அந்த ஒரு கரண்டியில் தயங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து தயங்காதீர்கள்.

சொரிமுத்து அய்யனார் கோயிலிலேயே பட்டவராயன் இருக்கிறார். பிராமண வீட்டில் பிறந்த முத்துப்பட்டன், செருப்புத் தைக்கும் குடும்பத்துப் பொம்மக்கா திம்மக்காவை மணக்க வேண்டித் தானும் செருப்புத் தைத்தான், மாமனார் வீட்டு மாட்டுக்காக உயிரையும் விட்டான் என்பது வில்லுப்பாட்டில் வரும் கதை. இன்றைக்கும் அவருக்குக் காணிக்கை செருப்புதான். தொங்கவிட்ட செருப்பு வருஷம் போகப் போகத் தேய்ந்திருக்கும், அவர் போட்டுக்கொண்டு காட்டில் நடக்கிறார் என்று நம்புகிறார்கள். அப்படி ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிற அய்யன் முன்னால், யார் வீட்டுப் பொங்கல் என்று பார்க்க நாம் யார்?

கிடா வெட்டு உள்ள வீடுகள்

சாஸ்தா சைவம். கிடாயோ சேவலோ மாடனுக்கும் மற்ற காவல் தெய்வங்களுக்கும்தான். அந்த நேரத்தில் அய்யன் சன்னதிக்குத் திரை போட்டுவிடுவார்கள். சைவப் படைப்பு முழுவதும் முடிந்தபிறகே அதைத் தொடங்க வேண்டும். வழக்கம் இல்லாத வீட்டுக்காரர்கள் பார்த்துப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை, வழக்கத்தை நிறுத்த நினைத்தால் பூசணிக்காய் வெட்டலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

என்ன வேண்டிக்கொள்வது

வேலை, கல்யாணம், பிள்ளை, நோய், கடன். இவைதான் எல்லாரும் கேட்பது. கேட்கலாம், அதில் தப்பே இல்லை, பெற்றவரிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? ஆனால் கணக்குப் போட்டுக் கேட்காதீர்கள். இது நடந்தால் இவ்வளவு தருகிறேன், நடக்காவிட்டால் இனி வரமாட்டேன் என்று ஒருவர் சன்னதியில் நின்று சத்தமாகச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். ஆச்சி என் கையைப் பிடித்து இழுத்து, "வரமாட்டேன்னு மட்டும் சொல்லக்கூடாதுடா" என்றாள்.

என் வழக்கம் இதுதான். முதலில் வீட்டில் ஒவ்வொருவர் பேரையும் சொல்வேன். வெளியூரில் இருப்பவர், படுக்கையில் இருப்பவர், கோபித்துக்கொண்டு பேசாமல் இருப்பவர் எல்லாரையும் சேர்த்து. போன வருஷத்திலிருந்து நடந்ததைச் சொல்வேன், நல்லது கெட்டது இரண்டையும். அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா நிற்பேன். கேட்பதற்கு ஏதாவது மிச்சம் இருந்தால் அப்போது கேட்பேன். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த வருஷம் அவர் பிழைக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் பிழைக்கவில்லை. அடுத்த பங்குனியில் தீட்டு கழிந்து போய் நின்றபோது கோபம்தான் வந்தது. அந்த மூன்று கல்லைப் பார்த்ததும் கால் தானாக உட்கார்ந்துவிட்டது. பானையை வைத்தேன். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை, பொங்கியதும் மனம் கொஞ்சம் லேசாயிற்று. அருள் என்று நான் சொல்வது அதைத்தான்.

சாமியாடி குறி சொன்னால் மரியாதையாகக் கேட்டு, விபூதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தை நிறுத்து, சொத்தை மாற்று என்பது போன்ற பேச்சு வந்தால் வீட்டுப் பெரியவர்களிடமும் டாக்டரிடமும் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள்.

பிள்ளைகளுக்கு முதல் முடி இறக்குவதும் காது குத்துவதும் இங்கேதான். தாய்மாமன் மடியில் உட்கார வைப்பார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசும்வரை வெயிலில் நிறுத்தாதீர்கள், பிள்ளைக்குத் தாங்காது.

காட்டுக்குள் இருக்கும் கோயில்கள்

சொரிமுத்து அய்யனார் கோயில் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. பாபநாசத்தில் வனத்துறைச் சோதனைச்சாவடியைத் தாண்டித்தான் போக முடியும். பிளாஸ்டிக், மதுபானம் அனுமதி கிடையாது. திருவிழா நாட்களில் சொந்த வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருக்கும், அந்த வருஷத்து அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். குரங்குக்குத் தீனி போடாதீர்கள், இருட்டும் முன் இறங்கிவிடுங்கள்.

ஆற்றில் குளித்துவிட்டுப் போட்டிருந்த துணியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வருகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. பாபநாசத்தில் பாறை இடுக்கெல்லாம் சேலையும் வேட்டியும் சிக்கிக் கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரியும். தாமிரபரணி நமக்குக் குடிதண்ணீர். தோஷம் கழிகிறதோ இல்லையோ, மீனும் ஆமையும் அதில் மாட்டிக்கொள்கின்றன. துணியைப் பிழிந்து பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

மற்ற நாட்களில் வீட்டில்

வெள்ளிக்கிழமையோ சனிக்கிழமையோ அய்யனை நினைத்து ஒரு விளக்கு. கோயில் விபூதியை ஒரு டப்பாவில் வைத்து, பரீட்சைக்கோ பிரயாணத்துக்கோ கிளம்பும்போது பூசிக்கொள்ளுங்கள். வீட்டில் எந்த நல்லது நடந்தாலும் முதல் பத்திரிகை சாஸ்தாவுக்கு.

போக முடியாத வருஷம், மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். அடுத்த முறை போகும்போது அதை உண்டியலில் சேர்க்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் உத்திரத்தன்று வீட்டிலேயே சின்னதாகப் பொங்கலிட்டுக் கும்பிடலாம். வெகுதூரம் குடிபெயர்ந்த குடும்பங்கள் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப் போய்ப் புது ஊரில் சாமிக்கு நிலையம் (பீடம்) போட்டுக் கும்பிடுவதும் உண்டு. அது பெரிய பொறுப்பு. நிலையம் போட்டுவிட்டால் தினமும் விளக்கு வைக்க ஆள் வேண்டும். சொக்காரர்கள் எல்லாரும் கூடிப் பேசி, மூலக்கோயில் பூசாரியிடம் உத்தரவு வாங்கியபிறகே செய்யுங்கள்.

திரும்பும்போது

அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணையுங்கள். சாம்பலை ஒதுக்கிவிடுங்கள், மூன்று கல்லையும் இருந்த இடத்திலேயே விடுங்கள். வழியில் வேறு வீடுகளுக்குப் போகாமல் நேராக வீட்டுக்கு வரவேண்டும் என்பது வழக்கம். வந்ததும் பிரசாதத்தைத் தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுங்கள்.

அன்றைக்கு ராத்திரி தூங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஒரு நோட்டு எடுத்து எழுதுங்கள். எங்கள் வீட்டு நோட்டில் முதல் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "பஸ்ஸில் இறங்கி மேற்கே நடக்க வேண்டும். வாய்க்கால் பாலம் தாண்டி இடதுபக்கம் குளத்துக்கரைப் பாதை. மடை தெரியும். மருதமரம் ஒன்று. பேச்சி வடக்குப் பார்த்து. நம் பொங்கல் இடம் தென்கிழக்கு மூலை, மூன்று கல்." கீழே வருஷமும், அந்த வருஷம் வந்தவர்கள் பேரும். போன பங்குனியில் அந்தப் பட்டியலில் கடைசிப் பேரை என் மகளே எழுதினாள். அவளுக்கு வயது ஆறு, தன் பேரை மட்டும்தான் எழுதத் தெரியும்.